ஆங்கிலப் பள்ளியும் அதிகாலை ஜெபமும்

1885 ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு. இன்று இன்ச்சோன் எனப்படும் ஜெமுல்போ துறைமுகத்தில் ஹொரஸ் அண்டர்வூட், ஹென்றி அப்பென்செல்லர் என்ற இரண்டு மிஷனரிமார் அமெரிக்காவிலிருந்து வந்திறங்கினார்கள். இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. கிறிஸ்தவத்தைப் போதிக்கக் கொரியாவில் அப்போது அனுமதி கிடையாது. 1866இல் ஆயிரக்கணக்கான கத்தோலிக்கர் கொல்லப்பட்ட நாடு அது. ஆகவே இருவரும் வாத்திமாராக உள்ளே போனார்கள். அண்டர்வூட் அரசாங்க வைத்தியசாலையில் பௌதிகமும் இரசாயனமும் படிப்பித்தார். அப்பென்செல்லர் அதே வருடம் சியோலில் இரண்டு மாணவர்களை வைத்துக்கொண்டு ஆங்கில வகுப்பு ஆரம்பித்தார். கொஞ்ச காலத்தில் மன்னர் கோஜோங் அந்தப் பள்ளிக்கு ‘பெ ஜே’ என்று பெயர் சூட்டினார். 1886இல் மேரி ஸ்க்ரன்டன் என்ற அம்மையார் ஒரேயொரு மாணவியோடு பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். இன்றைய இஹ்வா பெண்கள் பல்கலைக்கழகம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

கொரியாவில் ஆங்கிலம் படிப்பிக்கும் தொழிலின் வரலாற்றை எழுதப் புறப்படுகிறவர் ஜெபத்தின் வரலாற்றையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கும். இரண்டும் ஒரே கப்பலில் வந்தன. இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தேகு நகரில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டு, கொரிய மொழியைத் தட்டுத்தடுமாறிப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரியான பாட்டியோடு அதிகாலை ஜெபத்துக்குப் போய்வந்தபோது மெல்ல மெல்ல விளங்கிய விஷயம் இது. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். அப்பாவின் ஊர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை. அந்த ஊர்ப்பெயர் இந்தக் கதைக்குள் ஏன் வருகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மிஷனரிமார் வருவதற்கு முன்னரே கொரிய அரசு ஆங்கிலத்தைத் தேடத் தொடங்கியிருந்தது. 1882இல் அமெரிக்காவோடு உடன்படிக்கை கையெழுத்தானது. அடுத்த வருடமே மொழிபெயர்ப்பாளர்களை உருவாக்க ‘தொங்முன்ஹாக்’ என்ற சிறு பள்ளி திறந்தார்கள். அங்கே ஹலிஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர் படிப்பித்தார். 1886இல் பிரபுக்களின் பிள்ளைகளுக்கென்று அரச ஆங்கிலப் பள்ளி ஒன்று வந்தது. அதற்கு அமெரிக்காவிலிருந்து மூன்று இளைஞர்களை வரவழைத்தார்கள். அவர்களில் ஒருவர் ஹோமர் ஹல்பர்ட், 23 வயது. இன்று கொரியாவுக்குப் போகும் ஆங்கில ஆசிரியர்களில் பலரும் அந்த வயதுக்காரர்தான்: கையில் ஒரு பட்டம், முன்பின் தெரியாத ஊர், எப்படிப் படிப்பிப்பது என்பதை வகுப்பறையில் நின்றே பழகவேண்டிய நிலை.

பிள்ளைகள் எதற்காக வந்தார்கள்? உத்தியோகத்துக்காக. பழைய ஆட்சிமுறையில் சீனச் செவ்விலக்கியம் படித்துப் பரீட்சை எழுதி அரச பதவிக்குப் போன சமூகம் அது. அந்தப் பரீட்சையை 1894இல் ஒழித்தார்கள். அதற்கு முன்பே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று விளங்கியவர்கள் ஆங்கிலத்தின் பக்கம் திரும்பிவிட்டார்கள். பரீட்சை ஒழிந்த பிறகு பெ ஜே பள்ளிக்கு வந்தவர்களில் ஒருவர் சிங்மன் ரீ. 1897இல் பள்ளி விழாவில் கொரியாவின் சுதந்திரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் உரையாற்றினார். 1948இல் தென்கொரியாவின் முதல் ஜனாதிபதியும் அவரே. ஆங்கிலம் கேட்டு வந்த பையன், சிறையில் கிடந்த காலத்தில் கிறிஸ்தவரானார்.

இனி வட்டுக்கோட்டைக்கு வருகிறேன்.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். அதாவது கொரியாவுக்கு அமெரிக்க மிஷனரிமார் போவதற்கு ஏறத்தாழ எழுபது வருடங்களுக்கு முன்பு. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி, 1824இல் உடுவிலில் பெண்கள் பாடசாலை. பேரம் அதேதான்: நாங்கள் ஆங்கிலம் தருகிறோம், நீங்கள் வேதம் படியுங்கள், ஜெபத்துக்கு வாருங்கள். எங்கள் ஆட்கள் ஆங்கிலத்தை வாரி எடுத்துக்கொண்டார்கள். கணிதம், வானசாஸ்திரம், தர்க்கம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அந்த செமினரியில் படித்தவர்களே. தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் சைவராக வாழ்ந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். மெதடிஸ்ட் பாதிரியார் பேர்சிவலோடு பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி மிஷன் பள்ளியின் முறையையே மிஷனுக்கு எதிராகத் திருப்பினார். ஆங்கிலம் எங்களிடம் தங்கியது. ஜெபம் ஒரு சிறு பகுதியினரிடம் மட்டும் தங்கியது.

இதைக் கண்டு மனம் நொந்தவர்களில் முக்கியமானவர் மிஷன் தலைமையகத்தின் செயலாளர் ரூஃபஸ் அண்டர்சன். 1855இல் அவர் நேரில் வந்து பார்த்த பிறகு வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி உத்தியோகத்தர்களை உருவாக்குகிறது, விசுவாசிகளை உருவாக்கவில்லை என்பது அவருடைய முடிவு. மக்களின் மொழியிலேயே போதிக்கவேண்டும், உள்ளூர்ச் சபை தன் காலில் தானே நிற்கவேண்டும், தன்னைத் தானே நடத்தவேண்டும், தானே பரவவேண்டும் என்ற கொள்கையை அவர் வலியுறுத்தினார். எங்கள் ஊரவர்களுக்கு அது பெரிய இழப்பு. உயர்கல்வி கற்கும் முக்கியமான இடம் பூட்டப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் முயன்று 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியாக அது திரும்ப எழும்வரை பதினேழு வருட இடைவெளி.

அண்டர்சனின் அந்தக் கொள்கையை எடுத்து வளர்த்தவர்களில் ஒருவர் சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் பணியாற்றிய ஜோன் நீவியஸ். 1890 ஜூன் மாதம் சியோலில் இருந்த இளம் மிஷனரிமார் ஆலோசனை கேட்டு அவரை அழைத்தார்கள். இரண்டு வாரம் தங்கிப் பேசினார். அதிலிருந்து கொரிய பிரெஸ்பிற்றேரியன் மிஷன் எடுத்த முடிவுகள்: உழைக்கும் மக்களிடம் போ, பெண்களிடம் போ, எல்லாவற்றையும் கொரிய எழுத்தான ஹங்குலில் அச்சடி, சபையின் செலவைச் சபையே பார்க்கட்டும். வட்டுக்கோட்டையில் தோற்றுப்போன பேரத்தின் பாடம் இப்படிச் சுற்றி வளைந்து கொரியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. சியோலில் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் இருந்தது. ஜெபம் கொரிய மொழியில் இருந்தது. எங்கள் ஊரில் இரண்டும் ஒரே வகுப்பறையில், ஒரே மணித்தியாலத்தில் இருந்தன.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மிஷனரிமார் வந்திறங்குவதற்கு முன்பே ஜெபம் கொரிய எல்லையைத் தாண்டிவிட்டது. மஞ்சூரியாவில் ஜோன் றொஸ் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் கொரிய வியாபாரிகளின் உதவியோடு 1882இல் லூக்கா சுவிசேஷத்தையும், 1887இல் புதிய ஏற்பாடு முழுவதையும் ஹங்குலில் அச்சிட்டார். அதில் உழைத்த சோ சாங்-ரியுன் அந்தப் பிரதிகளை எல்லை தாண்டி எடுத்துப்போய் சொரே என்ற கிராமத்தில் ஒரு சபையையே உண்டாக்கிவிட்டார். ஹங்குல், மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட எழுத்து. படித்த பிரபுக்கள் நானூறு வருடமாகப் பெண்களின் எழுத்து என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த எழுத்தில் வந்ததால்தான் ஜெபம் சமையலறைவரைக்கும் போனது.

நான் ஹங்குல் படித்தது எல்லோரையும்போலத்தான். எழுத்து சில நாளில் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகுதான் கஷ்டம். என்னோடு படிப்பித்த கனேடிய, ஐரிஷ் நண்பர்கள் கொரிய வசனத்தைத் தலைகீழாக எழுதிய ஆங்கிலம் என்று சொல்வார்கள். நானும் முதலில் ஆங்கிலத்தில் நினைத்து, அதைக் கொரியத்துக்கு மாற்றப் பார்த்து மூச்சுத்திணறினேன். ஒருநாள் வகுப்பில் வீட்டுப்பாடத்தைத் தமிழில் எழுதி, சொல்லுக்குச் சொல் கொரியம் வைத்துப் பார்த்தேன். வசனம் அப்படியே நின்றது. வினை கடைசியில் வருகிறது. உருபு பெயரோடு ஒட்டுகிறது. ‘நேற்று வந்த பெடியன்’ என்று நாங்கள் சொல்கிற ஒழுங்கிலேயே அவர்களும் சொல்கிறார்கள். பெரியவரிடம் கதைக்கும்போது வினையின் வாலை மாற்றும் வழக்கமும் எங்களுக்குப் புதிதில்லை. அங்கே அதற்குப் படிகள் அதிகம், அவ்வளவுதான்.

இதை எனக்கு நூறு வருடத்துக்கு முன்பே ஓர் ஆங்கில வாத்தியார் கவனித்திருந்தார் என்று பிறகு அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அவர்தான் அந்த ஹோமர் ஹல்பர்ட். வந்த சில வருடங்களிலேயே கொரியத்தில் எழுதும் அளவுக்குத் தேறினார். 1890 வாக்கில் உலகப் புவியியலை முழுக்க ஹங்குலில் ஒரு பாடநூலாக எழுதினார். சீன எழுத்து தெரிந்த பிரபுக்களும் தெரியாத குடியானவரும் ஒருசேரப் படிக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். 1896இல் அரிராங் என்ற கொரிய நாட்டுப்பாட்டை மேற்கத்திய இசைக்குறியீட்டில் எழுதி வைத்தார். 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்து அப்போது அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. தெற்கிலிருந்து கடல்வழியே வந்தவர்கள் கொரியாவில் குடியேறினார்கள் என்பது ஹல்பர்ட்டின் எண்ணம். இன்றைய மொழியியலாளர் இந்த உறவை ஏற்றுக்கொள்வதில்லை. யப்பான் மொழியிலும் துருக்கியிலும் இதே வசன ஒழுங்கு இருக்கிறது. ஒழுங்கு ஒன்றாயிருப்பதால் தாய் ஒன்றாகிவிடாது. எங்கள் ஆட்கள் பலர் இணையத்தில் ‘அம்மா’, ‘அப்பா’ இரண்டையும் காட்டிக் கொரியம் தமிழின் பிள்ளை என்று முழங்குவதைப் பார்த்து வருத்தப்படுகிறேன். ஹல்பர்ட்டின் முடிவு தவறாக இருக்கலாம். சியோலில் ஆங்கிலம் படிப்பிக்க வந்த ஒருவர் அந்த ஊர் மொழியின் இலக்கணத்துக்குள் அவ்வளவு தூரம் இறங்கினார் என்பதற்கு அந்தப் புத்தகம் சாட்சி. அந்த உழைப்பை நான் வணங்குகிறேன்.

அதிகாலை ஜெபத்துக்கு வருவோம்.

விடிய ஐந்து மணி. எங்கள் தெருவில் கோழிப் பொரியல் கடை, முடிதிருத்தும் கடை, நான்கு மாடித் தேவாலயம் எல்லாம் வரிசையாக நிற்கும். தேவாலயத்தின் சிவப்பு நியோன் சிலுவை மட்டும் எரியும். பாட்டி தலைக்குத் தொப்பியும் கையில் பைபிள் பையுமாக வாசலில் நிற்பார். உள்ளே போனால் ஒரு பாட்டு, ஒரு வேதபாடம், போதகரின் சிறிய பிரசங்கம். பிறகு விளக்குகளைக் குறைத்து, மெல்லிய இசையை ஒலிக்கவிடுவார்கள். அப்போது ஜெபம் தொடங்கும். ஆண்டவரைப் பெரிய குரலில் கூப்பிட்டுவிட்டு, இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில், அவரவர் குறையை அவரவர் வாய்விட்டுச் சொல்வார்கள். சிலர் அழுவார்கள், சிலர் முன்னும் பின்னும் ஆடுவார்கள், ஒருவர் நெஞ்சில் அடித்துக்கொள்வார். எழுந்து போக நேரமானவர்கள் சத்தமில்லாமல் எழுந்து வேலைக்குப் போவார்கள். ஏழு மணிக்கும் சிலர் அங்கேயே இருப்பார்கள்.

முதலில் எனக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது. மொழி ஏற ஏற அந்த இரைச்சலுக்குள்ளிருந்து சொற்கள் பிரிந்து வந்தன. பாட்டி மகனின் கடனைச் சொல்கிறார். மருமகளின் முதுகுவலியைச் சொல்கிறார். பேரப்பிள்ளையின் ஆங்கிலப் பரீட்சையைச் சொல்கிறார். இப்போது பெரும்பாலும் கடவுளிடம் பேசும்போதே வருகிற உயர்ந்த மரியாதை வடிவத்தில் வினைகள் முடிகின்றன. எந்தப் பாடநூலிலும் அதை எனக்குக் காட்டியதில்லை, அங்கே காதால் கேட்டுத்தான் பிடித்தேன். ஒருநாள் அந்த வரிசையில் என் பெயர் வந்தது. ரொறொன்ரோவில் இருக்கும் என் அப்பா அம்மாவின் சுகத்துக்காகவும் கேட்டார். எங்கள் கோவிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்துப் பெயரும் நட்சத்திரமும் சொல்வோம். விளங்காத சமஸ்கிருதத்துக்கு நடுவே ஐயர் எங்கள் பெயரைச் சொல்கிற இடத்தில் மட்டும் நிமிர்ந்து கும்பிடுவோம். அந்தப் பிள்ளைக்காலப் பழக்கம் என் கைகளைத் தானாகக் கூப்ப வைத்தது.

இந்த வழக்கத்துக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு: பியோங்யாங். இன்று வடகொரியாவின் தலைநகர். ஒருகாலத்தில் கிழக்கின் ஜெருசலேம் என்று மிஷனரிமார் அழைத்த நகரம். 1907 ஜனவரியில் அங்கே ஜாங்தேஹ்யொன் தேவாலயத்தில் ஆண்களுக்கான வேதபாட வகுப்பு நடந்தது. நாட்டுப்புறத்திலிருந்து பல மைல் நடந்து வந்திருந்தார்கள். மாலைக் கூட்டத்தில் ஏறத்தாழ 1500 பேர். மிஷனரி கிரஹம் லீ ஜெபிக்கச் சொன்னபோது பலர் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டார்கள். அப்படியானால் எல்லோரும் சேர்ந்தே வாய்விட்டு ஜெபியுங்கள் என்று விட்டுவிட்டார். பிறகு ஒருவர்பின் ஒருவராக எழுந்து தாங்கள் செய்த குற்றங்களைச் சபை நடுவே சொல்லி அழுதார்கள். அதில் முன்னின்றவர் கில் சொன்-ஜு. அந்த வருடம் குருப்பட்டம் பெற்ற முதல் ஏழு கொரியப் போதகர்களில் ஒருவர். விடியமுன் கோவிலுக்கு வந்து ஜெபிக்கும் வழக்கத்தைச் சபைக்குள் கொண்டுவந்தவராக அவரையே சொல்கிறார்கள்.

கில் கிறிஸ்தவராகுமுன் தாவோ வழியில் கடுமையான சாதனைகள் செய்தவர். இரவும் விடிகாலையும் விழித்திருந்து தியானித்துப் பழகியவர். பௌத்த மடங்களில் விடிய மூன்று மணிக்கே துறவி ஒருவர் மரத்தாளத்தைத் தட்டிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வருவார். வீட்டுப் பெண்கள் விடியமுன் கிணற்றில் அள்ளிய முதல் தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, சோயா ஜாடிகள் அடுக்கிய மேடையில் வைத்து, இரண்டு கைகளையும் தேய்த்துத் தேய்த்து வேண்டுவார்கள். போருக்குப் போன மகனுக்காக, பரீட்சைக்குப் போன கணவனுக்காக. எங்கள் பாட்டியின் தாயும் அப்படித்தான் செய்திருக்கிறார். பாட்டி அந்த ஜாடி மேடையைக் கையால் காட்டி, அம்மா இங்கே நிற்பா, நான் அங்கே போகிறேன், நேரம் ஒன்றுதான் என்றார். மிஷன் வரலாறு எழுதியவர்கள் சொல்லாமல் விடுகிற உண்மை இது. விடிகாலை ஏற்கனவே கொரியப் பெண்களிடம் இருந்தது. தேவாலயம் அதற்குக் கதவைத் திறந்தது.

பின்னாட்களில் 1945 தொடக்கம் 1982 வரை தென்கொரியாவில் இரவு ஊரடங்கு இருந்தது; நீண்ட காலம் அது நள்ளிரவு முதல் நான்கு மணி வரை. நான்கு மணிக்குத் தடை நீங்கியதும் தெருவுக்கு முதலில் வந்தவர்களில் ஜெபத்துக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். பாட்டி அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லும்போது பெருமைப்படுவார்.

இந்த ஜெபத்தின் வேர் எவ்வளவு ஆழமாய்ப் போனது என்பது 1930களில் தெரிந்தது. யப்பானிய ஆட்சி, பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் ஷிண்டோ ஆலயங்களுக்குப் போய்க் குனிந்து வணங்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. பியோங்யாங்கின் சுங்சில் பள்ளித் தலைவர் ஜோர்ஜ் மக்கியூன் மறுத்தார். 1936இல் நாட்டைவிட்டுப் போகவேண்டியதாயிற்று. 1938இல் சுங்சில் மூடப்பட்டது. ஆங்கிலத்தையும் விஞ்ஞானத்தையும் நாற்பது வருடமாகப் படிப்பித்த பள்ளி, யாரை வணங்குவது என்ற கேள்வியில் கதவைச் சாத்தியது. அதே 1938இல் பிரெஸ்பிற்றேரியன் பொதுச்சபை பொலிஸ்காரர் சூழ நடந்த கூட்டத்தில் அந்த வணக்கத்துக்குச் சம்மதித்தது. கொரியச் சபைக்கு அது ஆறாத காயம். சம்மதிக்காத போதகர் ஜு கி-சொல் 1944இல் சிறையில் இறந்தார்.

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் தங்கியதும் கொரியாவில் ஜெபமும் சேர்ந்து தங்கியதும் ஏன் என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இங்கேதான் இருக்கிறது. எங்களை ஆண்டவன் ஆங்கிலம் பேசினான். ஆங்கிலம் படிப்பித்தவர் அமெரிக்கராக இருந்தாலும், எங்கள் கண்ணுக்கு அவர் ஆள்பவனின் மதத்தோடு வந்தவர். அந்த மதத்தை எதிர்ப்பதே எங்கள் தன்மானம் ஆயிற்று. நாவலரின் சைவப் பள்ளி அந்தத் தன்மானத்தின் பிள்ளை. கொரியாவை ஆண்டவன் யப்பானியன். அங்கே தேவாலயத்தில் கொரிய மொழியில் அழுவதே எதிர்ப்பாயிற்று. 1919 மார்ச் 1ஆம் திகதி சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரில் 16 பேர் புரட்டஸ்தாந்தர். கில் சொன்-ஜுவும் அவர்களில் ஒருவர். ஒரே பேரம், இரண்டு விளைவு. மிஷனரியின் திறமையில் இதற்குக் காரணம் தேடுவது வீண். யார் கொடி பறந்தது என்பதைப் பார்த்தால் போதும்.

ஹல்பர்ட் இதில் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் சொல்லிவிடவேண்டும். 1905இல் மன்னர் கோஜோங்கின் கடிதத்தை வாஷிங்டனுக்குக் கொண்டுபோனார், யாரும் காதுகொடுக்கவில்லை. 1907இல் ஹேக் சமாதான மாநாட்டுக்கு மன்னர் இரகசியமாகத் தூதர்களை அனுப்பியபோது அவர்களுக்குத் துணைநின்றார். அதன் பிறகு அவரால் கொரியாவில் வாழ முடியவில்லை. நாற்பது வருடம் அமெரிக்காவில் கொரியாவுக்காகப் பேசித் திரிந்தார். 1949இல் ஜனாதிபதி ரீ அழைக்க, 86 வயதில் கப்பல் ஏறிவந்து, வந்து ஒரு வாரத்திலேயே சியோலில் இறந்தார்.

யப்பானியர் போனதும் அமெரிக்கர் வந்தார்கள். 1945 செப்டம்பரில் அமெரிக்கத் தளபதி மக்ஆர்தரின் முதலாம் பிரகடனம் இராணுவ ஆட்சிக் காலத்தில் ஆங்கிலமே உத்தியோக மொழி என்றது. ஆங்கிலம் தெரிந்த மிஷன் பள்ளி மாணவர்கள் ஒரே இரவில் மொழிபெயர்ப்பாளர்களாகவும் அதிகாரிகளாகவும் ஆனார்கள். 1948 மே 31இல் முதல் நாடாளுமன்றம் கூடியபோது, தலைமை தாங்கிய ரீ ஒரு போதகரை எழுப்பி ஜெபம் செய்யச் சொல்லித்தான் அமர்வைத் தொடங்கினார். 1966 முதல் 1981 வரை அமெரிக்க அமைதிப் படைத் தொண்டர்கள் ஏறத்தாழ 2000 பேர் வந்தார்கள். பலர் நாட்டுப்புறப் பள்ளிகளில் ஆங்கிலம் படிப்பித்தார்கள். 1975இல் யேசான் என்ற ஊரில் படிப்பித்த கத்லீன் ஸ்டீவன்ஸ், 2008இல் அமெரிக்கத் தூதராகத் திரும்பிவந்து கொரிய மொழியில் பேசினார். 1997இல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் பாடமாயிற்று. ரியூட்டரிகள் பெருகின. அதற்கு முன் 1980இல் இராணுவ ஆட்சி தனியார் ரியூசனைத் தடைசெய்திருந்தது. 2000இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. இன்று சியோல், தேகு முதலிய இடங்களில் இரவு பத்து மணிக்குமேல் வகுப்பு நடத்தக்கூடாது என்று சட்டம் போட்டுப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பவேண்டிய நிலை.

ஆங்கிலம் படிப்பிக்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் விசா ஏழு நாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கென்று வகுத்தது. என் கனேடியக் கடவுச்சீட்டுக்கு அது கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்று, என்னைவிட நன்றாகப் படிப்பிக்கும் என் மச்சாளுக்குக் கிடைக்காது. அதில் நியாயம் இல்லை என்பது என் திடமான கருத்து.

நவம்பர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை நடக்கும். அன்று ஆங்கிலம் கேட்டு விடையளிக்கும் பகுதிக்காக மதியம் 35 நிமிடம் நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. தேகுவுக்கு அருகே பல்கொங் மலையில், 850 மீற்றர் உயரத்தில், தட்டைக் கல்லைத் தொப்பிபோலத் தலையில் சுமந்த புத்தர் அமர்ந்திருக்கிறார். சில்லா இராச்சியக் காலத்துச் சிலை. அந்தத் தொப்பி பட்டதாரியின் தொப்பியைப்போல இருப்பதால் பரீட்சைக்கு வேண்டுகிறவர்கள் அவரிடம் போகிறார்கள். பரீட்சைக்கு நூறு நாள் முன்பிருந்தே தாய்மார் வரத் தொடங்குவார்கள். நான் படிப்பித்த ஒரு மாணவனின் தாயோடு ஒரு ஒக்டோபர் விடியலில் நானும் படியேறினேன். பாறைமேல் பாய் விரித்து, மகனின் படத்தையும் பரீட்சை எண்ணையும் முன்னால் வைத்து, அந்தத் தாய் விழுந்து எழுந்து 108 தடவை வணங்கினார். முழங்காலை ஊன்றி எழும் ஒவ்வொரு தடவையும் மூச்சு வாங்கியது. அதே வேளையில் நகரத்துத் தேவாலயத்தில் எங்கள் பாட்டி தன் பேரனுக்காகக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார். இரண்டு பேரும் கேட்டது ஒன்றுதான்: ஆங்கிலத்தில் முதல் தரம்.

மார்க்குக்காகக் கடவுளைத் தொந்தரவு செய்வது தாழ்ந்த பக்தி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் அம்மம்மா மாமாவின் உயர்தரப் பரீட்சைக்காக நல்லூரில் நேர்த்தி வைத்துப் பிரதட்டை செய்தவ. ஒரு பரீட்சை ஒரு பிள்ளையின் ஆயுளைத் தீர்மானிக்கும் என்று ஆட்சியாளர் வகுத்து வைத்த இடத்தில், தாய் வேறு எதைக் கேட்பாள்? அப்பென்செல்லரின் வகுப்புக்கு உத்தியோகம் தேடிவந்த பையனின் வீட்டிலும் விடியமுன் ஒரு தாய் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருப்பாள். பேரம் பேசியவர்கள் பள்ளியை மட்டுமே பார்த்தார்கள். நான் அந்தத் தாயின் பக்கம்.

ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் பட்டம் முடித்துவிட்டு, கொரியாவுக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போக நினைக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். போகமுன் ஹங்குலின் 24 அடிப்படை எழுத்துகளையும் படித்துவிடுங்கள். போன பிறகு தமிழில் நினைத்துக் கொரியம் படியுங்கள், ஆங்கிலத்தில் நினைத்துக் கஷ்டப்படாதீர்கள். யாராவது விடியப்புறம் ஜெபத்துக்கோ மலைக்கோ கூப்பிட்டால், நித்திரையைப் பாராமல் எழுந்து போங்கள். சியோலில் ஹப்ஜொங் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் யாங்ஹ்வாஜின் வெளிநாட்டவர் மயானம் இருக்கிறது. ஹல்பர்ட்டை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். அண்டர்வூட் குடும்பத்தவரும் அங்கேதான்.